மணமேடையில் இருபத்திரண்டு சைக்கிள்

மணமேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். இருபத்திரண்டு சைக்கிள் நின்று பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்!

காஞ்சிபுரத்தில் ஒரு சின்னக் கல்யாண மண்டபம். போன முகூர்த்தத்துக்குக் கட்டிய காகிதப்பூத் தோரணத்தை இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை. அதற்குக் கீழே புழுதியும் எண்ணெயுமாக ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கின்றன இருபத்திரண்டு சைக்கிள்களும். பந்தி நடக்கும் கூடத்தில் தூணுக்குத் தூண் கொடிக்கயிறு. அதில் மஞ்சளும் ஆரஞ்சுமாகச் சொட்டச் சொட்டத் தொங்கும் ஜெர்சிகள். மணமகள் அறைக் கதவில், பஞ்சர் ஒட்டு வந்த அட்டையைக் கிழித்து, ‘தூங்குறோம், தட்டாதீங்க’ என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். எங்கும் தேங்காய் எண்ணெயும் வலி நிவாரணித் தைலமும் கலந்த வாசனை.

எங்கள் அயனம்பாக்கத்துச் சைக்கிள்காரர்கள் செஞ்சி வரைக்கும் போகும் நான்கு நாள் பயணத்தில் இது இரண்டாம் நாள். மிதிக்காத நாள். ஊர் பார்க்கும் நாள். ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஹெல்மெட்டும் கூலிங் கிளாஸுமாக வரிசை கட்டி அவர்கள் விர்ரென்று போவதைப் பால் வாங்கப் போகும்போது பார்த்திருக்கிறேன். அந்த வரிசை ஓரிடத்தில் இறங்கி, ஷூவைக் கழற்றி, காலை நீட்டி உட்காரும்போது எப்படி இருக்கும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை. இந்த மாசியில் கூடவே வரும் குட்டி யானை வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலி என்றார்கள். யோசிக்கவே இல்லை, ஏறிவிட்டேன். வாருங்கள், கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறேன். உங்களுக்கும் இடம் இருக்கிறது.

முதல் நாள் விடிகாலை நான்கு மணி. அயனம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடம். ஏரிப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று. குட்டி யானையின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தால் அது ஒரு தனி ஊர்! கூரைக் கம்பியில் முழுத்தார் பூவன் பழம் தொங்குகிறது. அதன் கீழே நான்கு தண்ணீர்க் கேன், ஒரு டின் கடலை மிட்டாய், அவித்த உருளைக்கிழங்கு நிறைந்த எவர்சில்வர் தூக்கு, பழைய டயர்கள், நிற்கவைக்கும் காற்றுப் பம்ப், இரண்டு மடக்கு நாற்காலி. நடுவில் ஒரு ஜவுளிக் கடைப் பை. அதன்மேல் மார்க்கரில் பெரிதாக ‘வேட்டி – காஞ்சிக்கு மட்டும்’.

“அது எதுக்கு?” என்றேன்.

“நாளைக்குப் பாருங்க” என்று சிரித்தார் மெக்கானிக் அண்ணன். அறுபதைத் தொட்ட வயது. விரல் நகங்களின் ஓரத்தில் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கறுப்பு. அவருடைய அப்பா அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸில் வேலை பார்த்தவர். 1949-இல் தொடங்கிய அந்த நிறுவனம்தான் ஹெர்குலிஸ் சைக்கிளை நம் வீட்டு வாசல்களுக்குக் கொண்டுவந்தது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கொருவர் ஷிப்ட் சைரனுக்கு ஓடியவர்கள். இன்று இங்கே ஆளுக்கொரு கியர் சைக்கிள் நிற்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. இது அந்த மண்ணின் ரத்தத்தில் இருக்கிறது.

திருவேற்காட்டைக் கடக்கும்போது கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மா கையை நிறுத்திவிட்டு, “எந்த ஊருக்குப்பா?” என்று கேட்டார். “காஞ்சிபுரம்மா!” என்று வரிசையில் கடைசி ஆள் வரைக்கும் கத்திக்கொண்டே போனார்கள். பூந்தமல்லியில் முதல் டீ. இங்கேதான் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கூட்டத்திலேயே மூத்தவர், வயது அறுபத்துநான்கு, கண்ணாடி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் இதுதான். இங்கே நந்தவனத்தில் பூப்பறித்து, தினமும் காஞ்சிக்கு நடந்தே போய் வரதராஜப் பெருமாளுக்குச் சாத்தி, ஆலவட்டம் வீசுவாராம். பாதி வழியில் இருக்கும் ஸ்ரீபெரும்புதூரில் 1017-இல் பிறந்த ராமாநுஜர் அவரைத்தான் குருவாக நினைத்தார்.

“அப்ப நம்ம ரூட்டு ஆயிரம் வருஷத்து ரூட்டு சார்!” என்றது பத்தொன்பது வயதுக் கல்லூரிப் பெண். “அவர் நடந்தாரு. உன்கிட்ட இருபத்தோரு கியர் இருக்கு. கெளம்பு” என்றார் அவர்.

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் பனி. இருங்காட்டுக்கோட்டையில் கன்டெய்னர் லாரிகள் மோதுகிறாற்போல் வந்து விலகின. அந்த நேரத்தில் யாரும் பேசவில்லை. வரிசை ஒரே உடம்பாக இடதுபக்கம் ஒடுங்கிப் போனது. வண்டிக்குள் இருந்த எனக்கே உள்ளங்கை ஈரமாகிவிட்டது. சுங்குவார்சத்திரம் தாண்டியதும் கல்லூரிப் பெண்ணுக்குக் கெண்டைக்காலில் சுளுக்கு. சாலையோரம் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதது. எல்லாருக்கும் பின்னால் வந்து கடைசி ஆளைக் கரைசேர்க்கும் ஸ்வீப் அக்கா, அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்து நீவிவிட்டார். “காஞ்சிபுரம் வேணாம் கண்ணு. அடுத்த டீக்கடை வரைக்கும் மட்டும் வா.” இப்படியே மூன்று டீக்கடை காட்டிக் காட்டி அதைக் காஞ்சிக்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டார்! அறுபது கிலோமீட்டருக்குப் பக்கம். வெள்ளை கேட் தாண்டி ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம் கண்ணில் பட்டதும் அந்தப் பெண் விட்ட கூச்சல், எதிரே வந்த மாட்டையே நிறுத்திவிட்டது. 1509-இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய கோபுரம். அது எத்தனை யாத்ரீகர்களுக்கு ‘வந்துவிட்டாய்’ என்று சொல்லியிருக்கும்!

மறுநாள் காலை. ஸ்பெயினில் 1935-இல் தொடங்கி நடக்கும் வுவெல்டா சைக்கிள் பந்தயத்தை இந்தக் கூட்டம் கைபேசியில் விடாமல் பார்க்கும். இருபத்தோரு கட்டம், நடுவே ஓய்வு நாள்கள். அந்த ஓய்வு நாளிலும் வீரர்கள் கால் இறுகிவிடக் கூடாதென்று ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவார்களாம். நம்மவர்களும் அப்படியே: மண்டபத்திலிருந்து கைலாசநாதர் கோயிலுக்குச் சைக்கிளில்தான் போவது என்று முடிவு. அப்போதுதான் அந்த வேட்டிப் பையின் ரகசியம் அவிழ்ந்தது. இறுக்கமான சைக்கிள் நிக்கரோடு கோயிலுக்குள் போகலாமா? எல்லாருக்கும் வெல்க்ரோ வேட்டி! கோயில் வாசலில் நின்று, ‘சர்ர்ர்’ என்று ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒட்டிக்கொண்ட சத்தத்தில் மதில்மேல் இருந்த புறாக்கள் எழுந்து பறந்தன. ஐ.டி. கம்பெனித் தம்பி ஒருவர் வேட்டியைத் திருப்பி ஒட்டிவிட்டு, நடக்கும்போதெல்லாம் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

செருப்புப் பார்த்துக்கொள்ளும் பாட்டி ஒரு சைக்கிள் ஷூவைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் பெடலில் மாட்டும் இரும்புப் பல். “இது இன்னாடி, லாடம் அடிச்ச செருப்பு!” என்றார். இந்தப் பயணம் முழுக்க அந்த ஷூவுக்கு அதுதான் பெயர். “என் லாடத்தை யார் எடுத்தது?” என்று இரவு பன்னிரண்டு மணிக்குக்கூட மண்டபத்தில் குரல் கேட்டது.

கைலாசநாதர் கோயிலைப் பற்றி எத்தனை படித்திருந்தாலும் உள்ளே போனதும் பேச்சு நின்றுவிடுகிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. மதில் உட்புறம் சுற்றிலும் ஐம்பத்தெட்டுச் சின்னச் சின்னச் சன்னதிகள், ஒவ்வொன்றும் ஓர் ஆள் உட்காரும் அளவு. முதல் நாள் வலியில் நொண்டியவர்கள் தம்மையறியாமல் ஆளுக்கொரு சன்னதியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டார்கள்! மணற்கல்லின் குளிர்ச்சி முதுகில் ஏறும்போது ஸ்வீப் அக்கா முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்த்தேன். பின்னங்காலில் எழுந்து நிற்கும் சிங்கங்கள் தூண்களைத் தாங்குகின்றன. சில மூலைகளில் இன்னும் அழியாத வண்ணப் பூச்சு.

வங்கி சார் ஒரு கதை சொன்னார். பல்லவர்களின் பரம விரோதி சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். இந்தக் கோயிலைப் பார்த்தான். செல்வத்தை அள்ளிப் போகாமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, அதை இங்கேயே ஒரு தூணில் கன்னடத்தில் வெட்டிவைத்துப் போனான். படையெடுத்து வந்தவனையே ஊர் சுற்றிப் பார்க்கிறவனாக்கிவிட்ட கோயில் இது! எனக்கு அந்தக் கணம் உடம்பு சிலிர்த்தது, மறைக்க மாட்டேன்.

கருவறையைச் சுற்றி ஒரு குறுகல் வழி உண்டு. தவழ்ந்து நுழைந்து தவழ்ந்து வெளியே வந்தால் மறுபிறவி இல்லை என்பது ஐதீகம். ஆறடி இரண்டங்குலம் உள்ள வேட்டித் தம்பி நுழைந்தார். வெகுநேரம் ஆளைக் காணோம். உள்ளேயிருந்து குரல் மட்டும்: “தோள் மாட்டிக்கிச்சு!” வெளியிலிருந்து ஒருவர், “மூச்சை விட்டுட்டு இழுப்பா!” ஒருவழியாகச் சிலந்திவலை தலையோடு வெளியே வந்தவர் கேட்ட முதல் கேள்வி: “மறுபிறவி இல்லன்னா, சைக்கிள் இ.எம்.ஐ. முழுக்க இந்தப் பிறவியிலேயே கட்டணுமா?”

திரும்பும் வழி பிள்ளையார்பாளையம். தெருவில் சைக்கிள் சத்தத்தைவிடத் தறிச் சத்தம் அதிகம். ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டோம், உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். குழித்தறி. இடுப்புவரை குழிக்குள் இறங்கி உட்கார்ந்து, காலால் மிதித்து மிதித்து நெய்கிறார் பெரியவர். அரக்குச் சேலைக்குப் பச்சை பார்டர், கோர்வை போட்டு இணைத்துக்கொண்டே போகிறது. எங்கள் ஆள்களின் தொடையைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். “நீங்க மிதிச்சா ஊர் வந்து சேருது. நாங்க மிதிச்சா சேலை வந்து சேருது. ரெண்டு பேருக்கும் முட்டிதான் போவுது” என்றார். கூட்டமே அவரோடு சேர்ந்து சிரித்தது. வாசல் தாண்டும்போது ஸ்வீப் அக்கா தன் தைல டப்பாவை அந்த வீட்டுப் பெண் கையில் வைத்து அழுத்தியதை நான் மட்டும் பார்த்தேன்.

காலை டிபன் கோயில் இட்லி. குடலை இட்லி என்றால்தான் காஞ்சிக்காரர்களுக்குப் புரியும். மிளகு, சீரகம், சுக்கு தட்டிப் போட்ட மாவை, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் ஊற்றி நெடுநேரம் ஆவியில் வேகவைப்பது. முழங்கை நீளத்துக்கு வெளியே வரும். வட்டமாக அரிந்து தருவார்கள். வரதராஜப் பெருமாளுக்கு நைவேத்தியம் அது. கைலாசநாதரில் மாட்டிக்கொண்ட தம்பி ஒன்பது துண்டு சாப்பிட்டார். எண்ணியது நான்தான்.

பகல் பன்னிரண்டு. கோயில்கள் நடை சாத்தியாயிற்று. மண்டபமே குறட்டை. எனக்குத் தூக்கம் வரவில்லை. பின்கட்டில் ஏதோ ‘சிக்... சிக்... சிக்’ என்று கேட்டது.

மெக்கானிக் அண்ணன். பாத்திரம் கழுவும் இடத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பாதி டீசல் ஊற்றிய பெயின்ட் டப்பா, பழைய டூத்பிரஷ் இரண்டு. தலைகீழாகக் கவிழ்த்த சைக்கிளின் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதைக் கொடுக்கிறார். ரிம் ஒரே ஓரிடத்தில் பிரேக்கை உரசுகிறது. அதுதான் அந்தச் சத்தம். சாக்பீஸை நீட்டிக்கொண்டு மறுபடி சுற்றுகிறார். உரசும் இடத்தில் மட்டும் வெள்ளைக்கோடு விழுகிறது. அந்தக் கோட்டுக்கு நேரே, உரசும் பக்கத்து ஸ்போக்கைச் சாவியால் கால் திருப்புத் தளர்த்தல். எதிர்ப்பக்கத்து ஸ்போக்கைக் கால் திருப்பு இறுக்கல். மறுபடி சுற்றல். ‘சிக்’ மெலிகிறது. இன்னும் கால் திருப்பு. சத்தமே இல்லை! சக்கரம் மட்டும் காற்றில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவர் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டார்.

“காலைல கோயிலுக்கு வரலியேண்ணே?”

“அவங்களுக்கு லீவு நாள்தான் எனக்கு வேலை நாளு. செயின் பூரா மண்ணு. இருபத்திரண்டு வண்டி. நாளைக்கு வந்தவாசி ரோட்ல நிக்கக் கூடாதில்ல?”

பேச்சுக்கொடுத்தேன். இது அவருக்கு மூன்றாவது பயணம். மூன்று முறையும் காஞ்சியில் ஒரு நாள் தங்கல். மூன்று முறையும் இந்த மண்டபத்து வாசலைத் தாண்டி அவர் போனதே இல்லை. “காஞ்சிபுரத்த பாத்தியான்னு ஊட்ல கேப்பாங்க. பாத்தேன், பின்கட்டுல நல்ல தண்ணி வருதும்பேன்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மணமகள் அறைக் கதவைத் தட்டினேன், அந்த அறிவிப்பையும் மீறி. கல்லூரிப் பெண்ணிடம் சொன்னேன். அது தூக்கக் கலக்கத்தோடு கேட்டுவிட்டு, கூடத்துக்குப் போய் டம்ளரால் தூணைத் தட்டி எல்லாரையும் எழுப்பிவிட்டது. “அவரவர் செயின் அவரவர் துடைக்கணும்! நாலரைக்குள்ள முடிக்கணும்! அண்ணன் கோயிலுக்கு வராரு!”

அடுத்த இரண்டு மணி நேரம் அந்தப் பின்கட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தினமும் கம்ப்யூட்டரில் கோடி கோடியாகக் கணக்குப் பார்ப்பவர்கள் டூத்பிரஷ்ஷுக்குச் சண்டை போட்டார்கள். சமையல் அக்கா புளிசாதம் கிளறிய பெரிய தாம்பாளம், சோப்புத் தண்ணீர் தொட்டியாகி, அவர் கரண்டியோடு துரத்திக்கொண்டு வந்தார். வங்கி சார் மூக்கில் கிரீஸ். அண்ணன் நடுவில் மடக்கு நாற்காலியில், பெரிய மேஸ்திரி மாதிரி: “ஏய், அங்க எண்ணெய் ஊத்தாத, அது பிரேக்கு!... ஒவ்வொரு லிங்குக்கும் ஒரே சொட்டும்மா, தாளிக்கிறியா நீ?” ஒவ்வொரு சைக்கிளாக வாங்கி, சுற்றிவிட்டு, காதுகொடுத்து, தலையாட்டினால்தான் அது மணமேடைக்குப் போகலாம். ஐந்து சைக்கிள் திரும்பி வந்தன. நாலரைக்கு இருபத்திரண்டும் பளபளவென்று மேடையேறிவிட்டன.

அவர் குளித்துவிட்டு, பெட்டியிலிருந்து மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். தம்பி ஒரு வெல்க்ரோ வேட்டியை நீட்டினார். “போடா, எனக்குக் கட்டத் தெரியும்” என்று தன் நாலு முழத்தை எடுத்துக் கட்டினார். கல்லூரிப் பெண் தன் சைக்கிளைக் கொடுத்தது. வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு கியரும் மாற்றாமல், சின்னக் காஞ்சிபுரம் வரை எல்லாருக்கும் முன்னால் போனார் மனிதர்!

வரதராஜப் பெருமாள் கோயில் குளக்கரையில் கொஞ்ச நேரம் நின்றோம். இந்தத் தண்ணீருக்கு அடியில்தான் அத்திவரதர் இருக்கிறார். நாற்பது ஆண்டுக்கொரு முறை வெளியே வருவார். 2019-இல் நாற்பத்தெட்டு நாள் தரிசனத்துக்கு ஊரே தாங்காத கூட்டம். அடுத்தது 2059. கல்லூரிப் பெண் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, “சார், அப்பவும் சைக்கிள்லயே வருவோம்” என்றது. “நீ வாம்மா. நான் மேலேருந்து பார்த்துக்கறேன்” என்றார் வங்கி சார். அது சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச தூரம் விடவே இல்லை.

பக்கத்திலேயே நூற்றுக்கால் மண்டபம். விஜயநகரக் காலத்து வேலை. தூண்களில் முன்னங்கால் தூக்கிய குதிரைகள், அவற்றின்மேல் வீரர்கள். எல்லாரும் குதிரையைப் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணன் மட்டும் மண்டபத்து மூலையில் அண்ணாந்து நின்றார். கூரை விளிம்பிலிருந்து ஒரு சங்கிலி தொங்குகிறது. கல் சங்கிலி. வளையத்துக்குள் வளையம், வளையத்துக்குள் வளையம்.

நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் விரலை நீட்டி ஒவ்வொரு வளையமாக எண்ணிக்கொண்டிருந்தார். கடைசி வளையம் வரை வந்து, மறுபடி மேலிருந்து தொடங்கினார்.

“இதுல செயின் லாக்கே இல்லியே” என்றார்.

சைக்கிள் செயினில் பெரும்பாலும் ஓரிடத்தில் பூட்டு இருக்கும். அங்கேதான் பிரிப்பார்கள், அங்கேதான் கோப்பார்கள். அதைத்தான் அவர் இவ்வளவு நேரமும் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

“அப்பறம் எப்படிக் கோத்தாங்க?”

வங்கி சார் வந்து சொன்னார்: கோக்கவே இல்லை. ஒரே கல். அந்தக் கல்லுக்குள் இருந்த சங்கிலியை வெளியே விட்டிருக்கிறார்கள், ஒவ்வொரு வளையமாக.

“நடுவுல ஒரு லிங்கு ஒடஞ்சிருந்தா?”

“மொத்தக் கல்லும் வீண்தான்.”

அண்ணன் ரொம்ப நேரம் பேசவில்லை. கோயில் மணி அடித்தது; எங்கள் ஆள்கள் ஒவ்வொருவராகச் சன்னதிப் பக்கம் நகர்ந்தார்கள். அவர் அந்த இடத்தைவிட்டு அசையாமல், இடுப்பில் செருகியிருந்த கைபேசியை எடுத்து, எட்டப் பிடித்துக்கொண்டு மகனுக்குப் போட்டார்.

“டேய், வர ஞாயித்துக்கெழம கடைய சாத்திடு. அம்மாவ கூட்டிக்கினு காஞ்சிபுரம் வரணும்... ஆமாண்டா, கோயிலுக்குத்தான்... இல்லடா, இங்க ஒரு செயின் இருக்குது. நீ வந்து பாரேன்.”